இரட்டை நுழைவு விசாவும் சென்னை விமானக் கவுண்டரும்

ஊருக்குப் போன இடத்தில் சென்னைக்கும் ஒரு நடை போய்வரலாம் என்று நினைக்கும் கனடா, ஐரோப்பிய உறவுகளுக்காக இதை எழுதுகிறேன். கட்டுநாயக்காவில் வந்து இறங்கியது, யாழ்ப்பாணத்தில் கழிந்த நாட்கள், சின்னம்மாவைப் பார்க்க அங்குள்ள பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்தது எல்லாம் நல்லபடியே நடந்தன. சென்னையிலிருந்து பலாலிக்குத் திரும்பிய காலையில் விமான நிறுவனக் கவுண்டரின் முன்னால் நிற்கவைக்கப்பட்ட அந்த முக்கால் மணி நேரம்தான் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

நான் எடுத்துப் போனது இலங்கைக்கு எல்லோரும் எடுக்கும் சுற்றுலா ஈ.டி.ஏ., அதாவது மின்னணுப் பயண அனுமதி. இணையத்தில் விண்ணப்பித்து 50 அமெரிக்க டொலர் கட்டினேன். அனுமதி மின்னஞ்சலில் வந்தது. முதல் தடவை இறங்கிய நாளிலிருந்து 30 நாட்கள் தங்கலாம். அந்த 30 நாட்களுக்குள் வெளியே போய் இன்னொரு தடவை உள்ளே வரவும் அதிலேயே இடம் இருக்கிறது. இரட்டை நுழைவு என்று அனுமதிக் கடிதத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதை நம்பித்தான் பலாலி, சென்னை, பலாலி என்று போகவரப் பயணச்சீட்டு எடுத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கடவுச்சீட்டைப் புரட்டினாள், கட்டுநாயக்கா முத்திரையைக் கண்டாள், "மேடம், இந்த ஈ.டி.ஏ. ஏற்கனவே உபயோகித்தாகிவிட்டது. புதிதாக எடுத்தால்தான் போர்டிங் பாஸ் தர முடியும்" என்றாள். அச்செடுத்து வைத்திருந்த தாளை நீட்டி, இரட்டை நுழைவு என்ற வரியைக் காட்டினேன். அதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் அதே வசனத்தைச் சொன்னாள். முத்திரையில் இருந்த தேதியைக் காட்டி, 30 நாட்கள் இன்னும் முடியவில்லை என்று விளக்கினேன். "சிஸ்டம் ஏற்காது மேடம்" என்றாள். திரையில் எதையாவது தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பொறுமை இருந்திருக்கும். அவள் விசைப்பலகையைத் தொடவே இல்லை.

ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒரு வயதான தம்பதி, "பிள்ளை, என்ன பிரச்சினை?" என்று நின்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் கண் கலங்கிவிட்டது. இடையில் இன்னொரு பணியாளர் வந்து, கைபேசியிலேயே 50 டொலரைக் கட்டிப் புதிய அனுமதி எடுத்துவிடுங்கள், வேலை சுலபமாக முடியும் என்று யோசனை சொன்னார். எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கும் ஒன்றை இரண்டாவது தடவை காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று அங்கேயே நின்றேன்.

மேலதிகாரி வந்தபோது கவுண்டர் மூடும் நேரம் நெருங்கியிருந்தது. அவர் தாளை வாங்கினார், கடவுச்சீட்டின் முத்திரையைப் பார்த்தார், கணினியில் ஏதோ தட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இரட்டை நுழைவுதான், போட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு நிமிட வேலையை முதல் ஐந்து நிமிடத்திலேயே செய்திருக்கலாமே என்ற ஆத்திரம் விமானம் கடலைத் தாண்டும் வரை எனக்கு அடங்கவில்லை.

அந்தப் பெண் ஏன் அப்படிப் பயந்தாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சரியான அனுமதி இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால், இறங்கும் நாடு அவரைத் திருப்பி அனுப்பும். திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. ஆகவே குடிவரவு அதிகாரியைக் காண்பதற்கு முன்பே, கவுண்டரில் நிற்கும் பிள்ளைதான் நமக்கு எல்லைக் காவல். அதற்காகத்தான் ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதிகளையும் திரட்டி வைத்திருக்கும் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தை, விமான நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐயாட்டா நடத்துகிறது. உலகம் முழுக்க விமானக் கவுண்டர்களில் அதைத்தான் பார்க்கிறார்கள். கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது, எங்கே போகிறார் என்று கொடுத்தால் விதி திரையில் வந்துவிடும். ரொறன்ரோவில் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு விதி தெரியாவிட்டால், "ஒரு நிமிடம், பார்த்துச் சொல்கிறேன்" என்பார். தெரியாததை முடிந்த முடிவாக முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

இலங்கையின் விசா விதிகள் கொஞ்ச காலமாக ஆளைக் குழப்பும்படி மாறிக்கொண்டிருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 முதல் பழகிப்போயிருந்த ஈ.டி.ஏ.யை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டு, தனியார் கூட்டொன்றின் கையில் விசா வழங்கலைக் கொடுத்தார்கள். சேவைக் கட்டணம் என்று மேலதிகக் காசும் சேர்ந்தது. வழக்குப் போடப்பட்டு, ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, செப்டெம்பர் கடைசியில்தான் பழைய ஈ.டி.ஏ. திரும்பி வந்தது. இவ்வளவு குழப்பத்தையும் ஒரு கவுண்டர் பணியாளர் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் அச்சாகியிருப்பதைப் படிக்கலாம் அல்லவா?

இனிப் பலாலி. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. சின்ன விமானம், சின்ன நிலையம், வரிசையும் சின்னது. கவுண்டரில் இருந்த குடிவரவு அதிகாரி கனடாக் கடவுச்சீட்டைத் திறந்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, தமிழில், "எந்த இடம் அம்மா?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். கோயில் திருவிழாவுக்கு வந்தீர்களா என்று கேட்டபடியே முத்திரையைக் குத்தினார். இரட்டை நுழைவு பற்றி ஒரு கேள்வி இல்லை. சென்னையில் அத்தனை பேர் கூடி ஆராய்ந்த அதே தாளை அவர் கையில்கூட வாங்கவில்லை. எல்லாம் அவருடைய கணினியில் இருந்தது.

இந்த மண்ணில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு நின்று, தமிழில் கேள்வி கேட்கப்பட்டு, தமிழில் பதில் சொல்லி உள்ளே வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். கட்டுநாயக்காவில் இறங்கி, வெள்ளவத்தையில் ஒரு பகல் படுத்தெழும்பி, இரவு பஸ் ஏறி, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கிப் பையைத் திறந்து காட்டியவர்கள் நாங்கள். 2014 ஒக்டோபரில், போர் முடிந்து ஐந்து வருடங்களுக்குப் பிறகும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று திரும்பவும் கொண்டுவந்தார்கள். ஆட்சி மாறி, 2015 ஜனவரியில்தான் அது நீங்கியது. அம்மாவின் வீட்டுக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சிடம் கடிதம் கேட்ட நாட்கள் அவை. 2019 ஒக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது, இது நிலைக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். கோவிட் காலத்தில் நின்றுபோய், 2022 டிசம்பரில் மறுபடி பறக்கத் தொடங்கியது. அது நிலைக்க வேண்டும், பெரிதாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் சென்னைப் பக்கத்தில் நடந்தது எனக்கு இவ்வளவு வலிக்கிறது. வழியில் இப்படித் தடக்கினால், வயதானவர்கள் பயந்து மறுபடியும் கொழும்பையே சுற்றுவார்கள்.

இந்திய ஈ-விசா பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை, திருச்சி இரண்டிலும் அதைக் கொண்டு இறங்கலாம்; வந்தவுடன் விரல் ரேகையும் படமும் எடுப்பார்கள். கைவசம் இருப்பவர்களுக்கு அது நல்ல வசதி. விண்ணப்பப் படிவம்தான் ஆளைக் களைக்க வைக்கிறது. தாய் தகப்பன் பிறந்த இடம், முன்னைய குடியுரிமை, கடந்த பத்து வருடங்களில் போன நாடுகள், தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளுக்கு மூன்று வருடங்களில் போன விபரம், மதம் என்று போய்க்கொண்டே இருக்கும். படம் சதுரமாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் பக்கத்தை 300 கிலோபைட்டுக்கு மேற்படாத பி.டி.எஃப். கோப்பாக ஏற்ற வேண்டும். என் அண்ணியின் விண்ணப்பம் இந்தக் கோப்பின் அளவிலேயே மாட்டி, ஒரு மாலைப்பொழுது முழுவதையும் தின்றது. பேரப்பிள்ளைகளின் உதவி இல்லாத எழுபது வயதுக்காரர் இதை எப்படி நிரப்புவார்?

எங்கள் நாடு என்று இப்போது நாங்கள் சொல்லும் கனடாவும் இந்த விடயத்தில் பெருமைப்படும்படி இல்லை. நான் 50 டொலர் கட்டி மின்னஞ்சலில் அனுமதி வாங்கி ஊருக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணன் மகன் என்னைப் பார்க்க வருவதென்றால் விண்ணப்பத்துக்கு 100 கனடிய டொலர், விரல் ரேகைக்கு 85 டொலர், அந்த ரேகையைக் கொடுக்கக் கொழும்புக்கு இரவுப் பயணம். இவ்வளவுக்கும் பிறகு, நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்ற கடிதம் வந்தது. மனைவி, பிள்ளைகள், அரசாங்க உத்தியோகம் எல்லாம் இருப்பவன் அவன். கனடாவில் கவுண்டர்ப் பணியாளரின் பண்பைப் பாராட்டுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதுபவர்களைப் பாராட்ட முடியவில்லை.

இலங்கையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஈ.டி.ஏ. அனுமதிக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்து வையுங்கள். கைபேசித் திரையைக் காட்டினால் பெரிதாக்கிப் பார்க்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. இலங்கையில் முதல் தடவை குத்திய முத்திரை இருக்கும் பக்கத்தில் ஒரு அடையாளத் தாளைச் செருகி வையுங்கள். இலங்கையை விட்டுக் கடைசியாக வெளியேறும் பயணச்சீட்டும் கையில் இருக்கட்டும். எனக்கு அதையும் கேட்டார்கள். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். யாராவது "புதிதாக எடுங்கள்" என்றால், காசு கட்டாதீர்கள். டைமாட்டிக்கில் பார்க்கச் சொல்லுங்கள், மேலதிகாரி வரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். நான் அந்த விமான நிறுவனத்துக்குத் தேதி, நேரத்தோடு முறைப்பாடு எழுதி, அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் இணைத்தேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று மட்டும் பதில் வந்தது. தங்கள் சென்னைப் பணியாளர்களுக்கு இந்த விதியை எழுத்தில் கொடுத்தார்களா என்று கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.