சி ஃபார்மா, டிராஃப்டா: இளம் ஐஸ் ஹாக்கி வீரருக்கு எது மேல்?

என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். பழைய ஸ்பான்சர் முறையில் கிளப்பே பையனைத் தேடிப்போய், அவனைத் தன்னோடு கட்டிப்போடும் 'சி ஃபார்ம்' ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும். 1963-இல் மான்ட்ரியாலில் தொடங்கிய டிராஃப்டில் அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்.

வயது:
சி ஃபார்ம்: பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வீரர் பாபி ஓர் 1962-இல் பாஸ்டன் புரூயின்ஸ் அணியோடு ஒப்பந்தமானபோது வயது 14. கனடாவின் பேரி சவுண்ட் என்ற சிற்றூர்ப் பையன், பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் எதிர்காலம் ஒரு தாளில் முடிந்துவிடுகிறது. எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை.
டிராஃப்ட்: இன்று, தேர்வாகும் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைய வேண்டும்.

அணிகளுக்கு நியாயம்:
சி ஃபார்ம்: ஆள்பலமும் பணமும் உள்ள கிளப்புக்கே லாபம்.
டிராஃப்ட்: பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. ஆனால் ஆரம்பத்தில் பெயரளவுக்குத்தான். நல்ல பையன்கள் ஏற்கெனவே ஸ்பான்சர் கையில் இருந்ததால் 1963-இல் எடுக்கப்பட்டவர்கள் 21 பேர் மட்டுமே. 1969-இல்தான் எல்லோரும் பட்டியலுக்கு வந்தார்கள்.

வீரரின் விருப்பம்:
சி ஃபார்ம்: கையெழுத்துக்கு முன் மறுக்கலாம்.
டிராஃப்ட்: எந்த ஊர் என்பது அவர் கையில் இல்லை. 1991-இல் முதலாவதாகத் தேர்வான எரிக் லிண்ட்ராஸ், க்யூபெக் அணிக்கு ஆட மறுத்து ஓராண்டு இழுபறிக்குப் பின் ஃபிலடெல்ஃபியா போனார்.

பிடித்த கிளப்பில்தான் ஆடணும் என்றால் பழைய முறை பொருந்தும். வளரும் பிள்ளைக்கு அவகாசமும், கடைசி இடத்து அணிக்கு வாய்ப்பும் வேண்டுமென்றால் டிராஃப்ட்தான்.