கரி, அணு, வெயில், காற்று: எந்தக் கரண்ட் யார் தலையில் விடிகிறது?

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் பில் வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபேன், ஃபிரிட்ஜ், கோடையில் கொஞ்சம் ஏசி. அந்த 400 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால் சுமார் 330 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். பெரிய சோலார் பூங்காவிலிருந்து வந்தால் 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். அணு உலை, காற்றாலை இரண்டுமே 5 கிலோவைத் தாண்டாது. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014இல் தொகுத்த நடு மதிப்புகளை வைத்துப் போட்ட கணக்கு இது. பேனல் செய்வது, சிமென்ட் கொட்டுவது, யுரேனியம் தோண்டுவது எல்லாம் இதில் அடக்கம்.

இதோடு முடித்துக்கொண்டால் அணுவும் காற்றும் ஒன்றுதான் என்றாகிவிடும். கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரையில் போய் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் இந்த நான்கையும் வேறொரு கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: நிலையத்தை இழுத்து மூடிய பிறகு அந்த மண்ணில் என்ன மிஞ்சும், எத்தனை காலத்துக்கு?

நிலக்கரியில் மிஞ்சுவது சாம்பல். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி எரிகிறது என்று வைத்தால், அந்த வீட்டின் ஒரு பில்லுக்கு இரண்டு சிமென்ட் மூட்டை அளவு சாம்பல் எங்கோ போய்ச் சேர்கிறது. எங்கே என்று பார்க்க எண்ணூர் போகலாம். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படியும். இறால் பிடித்தவர்களின் பிழைப்பு அந்தச் சேற்றுக்கடியில் போனது. சாம்பலில் செங்கல் செய்கிறார்கள், சிமென்டில் கலக்கிறார்கள், அது நல்ல விஷயம்தான். ஆனால் பல ஆண்டுகளாகக் கொட்டிய சாம்பல் அதனால் எழுந்து போய்விடவில்லை. கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த 2015இல் வந்த விதியின் கெடுவும் தள்ளித் தள்ளிப் போனதுதான் மிச்சம்.

நெய்வேலி இன்னும் மோசம் என்பது என் எண்ணம். பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். அதனால் யூனிட்டுக்குப் புகையும் அதிகம். ஒரு டன் எடுக்க அதைப்போல் பல மடங்கு மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்பதால், சுரங்கத்துக்குள் அது பீறிட்டு வராமலிருக்க ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட, வளர்ந்து நின்ற நெல்வயலுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். சுரங்கம் மூடினாலும் குழி குழிதான்.

அணு மின்சாரத்தில் கதை தலைகீழ். நிலம் மிகக் குறைவு, புகை இல்லை, ராத்திரி பகல் ஓடும். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் ஓராண்டில் தருகிற மின்சாரத்தைச் சோலாரில் எடுக்க, தோராயமாக ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் இருக்கும் சோலார் பூங்கா மாதிரி பத்துப் பன்னிரண்டு பூங்காக்கள் வேண்டும். மறுபக்கம், குளிர்விக்க எடுத்த கடல்நீர் சூடாகத் திரும்பிப் போகிறது, எரிந்து முடிந்த எரிபொருள் அங்கேயே காத்திருக்கிறது. அதன் கதிர்வீச்சு அடங்கப் பல்லாயிரம் ஆண்டுகள். ஓடுகிற உலையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கரியை எரிப்பது முட்டாள்தனம் என்றே நினைக்கிறேன். ஆனால் 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரையில் பந்தலில் உட்கார்ந்தவர்கள் கேட்ட கழிவுக் கேள்விக்கு இன்னும் நேரான பதில் இல்லை.

சரி, வெயிலுக்கு வருவோம். கமுதி சோலார் பூங்கா 2016இல் வந்தது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். 'தரிசுதானே' என்பார்கள். ராமநாதபுரத்தில் தரிசு என்றால் ஆடு மேயும் இடம், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் இடம், மழைநீர் கண்மாய்க்கு ஓடும் வழி. வேலி போட்டுச் சமன் செய்தால் பட்டா வைத்திருப்பவருக்குப் பணம் வரும். பட்டா இல்லாமல் அதில் பிழைத்தவருக்கு ஒன்றும் வராது. கர்நாடகத்தின் பாவகடாவில் நிலத்தை வாங்காமல் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள், தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். விற்பதைவிட இது எவ்வளவோ மேல், ஆனாலும் கூலியாட்களுக்கு அங்கேயும் வேலை போனது. 25 ஆண்டு கழித்துப் பேனல்கள் குப்பையாகும்போது கண்ணாடியும் அலுமினியமும் விலைபோகும். ஈயம் கலந்த மிச்சத்தை யார் எடுப்பார்கள்? மின்னணுக் கழிவு விதிகள் 2022இல்தான் பேனலைச் சேர்த்துக்கொண்டன. இத்தனைக்கும் பிறகு, தூண்களைப் பிடுங்கினால் மண் மண்ணாகவே இருக்கும். கரி, அணு இரண்டிலும் அது நடக்காது.

நிலச் சண்டையே வேண்டாம் என்றால் மொட்டைமாடி இருக்கிறது. அந்த 400 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும், சுமார் 200 சதுர அடி. ஃபிளாட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்கு இது எட்டாது என்பதுதான் குறை.

காற்றாலை நிற்கும் அடித்தளம் போக மீதி நிலத்தில் விவசாயம் நடக்கும், ஆடு மேயும். சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், காற்றாலைகள் இருக்கும் பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. பயம் விட்டுப்போன ஓணான்கள் பெருகியிருந்தன. இறக்கைகளின் கண்ணாடியிழையை மறுசுழற்சி செய்வதும் கடினம்.

பெரிய சிக்கல் நேரம்தான். காற்று மே முதல் செப்டம்பர் வரை அடித்து ஊற்றும், அப்புறம் ஓய்ந்துவிடும். வெயில் சாயங்காலம் போய்விடும், நாம் விளக்குப் போடும் நேரத்தில். இடைவெளியை இப்போது பெரும்பாலும் கரி நிரப்புகிறது. 1987லிருந்து ஓடும் காடம்பாறை மாதிரி, மிஞ்சிய மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கும் நிலையங்கள் உதவும். அது 400 மெகாவாட். ஆனால் அதற்கு மலை வேண்டும், நம் மலைகளில் காடு இருக்கிறது. பேட்டரி என்றால் அதற்கான உலோகத்தைத் தோண்டும் சுரங்கம் வேறு நாட்டில்.

என் வரிசை இதுதான்: மொட்டைமாடி சோலார், காற்று, குத்தகை நிலத்து சோலார், ஏற்கெனவே ஓடும் அணு உலை. கடைசியில் கரி; பழுப்பு நிலக்கரிக்குப் புதுச் சுரங்கம் என்றால் கைதூக்கவே மாட்டேன். உடனடியாகச் செய்ய ஒன்று சொல்லச் சொன்னால் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலைக் காட்டுவேன். நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே இன்னும் 1990களின் 225, 250 கிலோவாட் காற்றாலைகள் சுற்றுகின்றன. இன்றைய ஒரு காற்றாலை 2,000 கிலோவாட்டுக்கு மேல். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நட்டால், புது நிலம் தேடாமலே மின்சாரம் கூடும். ஆனால் பெரிய காற்றாலைக்கு அதிக இடைவெளி வேண்டும், பழையவை நிற்பதோ பலருக்குச் சொந்தமான துண்டு நிலங்களில். நாலைந்து உரிமையாளர்கள் சேர்ந்து ஒரே கம்பத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், பங்கு பிரிக்க வேண்டும், துணைமின் நிலையமும் அதைத் தாங்க வேண்டும். வேலை அங்கேதான் நின்றுபோகிறது.