சென்னை டெலிவரியைக் கூப்பிட எனக்கு ஏழு மாதம் ஆனது

கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களை இணையத்தில் ஒன்றுசேர்க்கும் வாட்சிமில் (VATSIM) கணக்குத் தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. அதில் முதல் ஏழு மாதம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கிளம்பும் முன் அனுமதி கொடுக்கிற கன்ட்ரோலருக்குத்தான் அங்கே டெலிவரி என்று பெயர். ஃப்ளைட் சிமுலேட்டர் பற்றித் தமிழில் எழுதும்போது எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த ஜாய்ஸ்டிக் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, வாயைத் திறக்கக் கூச்சப்பட்டுத் தனியாகவே பறந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாட்சிம் 2001இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. சேரும்போது அடிப்படை விதிகளில் ஒரு சின்னத் தேர்வு உண்டு. வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே வானத்தில் பறக்கலாம். டவரில் இருந்து வழிசொல்கிற கன்ட்ரோலர்களும் நிஜ மனிதர்கள்தான், சம்பளம் இல்லாமல் ஆர்வத்தில் உட்காருகிறவர்கள். எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

தனியாகப் பறப்பதில் எனக்குக் குறை எதுவும் இருக்கவில்லை. சேலம் காமலாபுரத்தில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை எடுத்து, தொப்பூர் கணவாயைத் தாண்டி, எங்கள் தருமபுரி மேல் ஒரு வட்டம் அடித்து, கிருஷ்ணகிரி அணையை இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டே ஓசூர் வரை போவேன். சேலத்தில் தரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி, ஓசூரில் ஏறக்குறைய 3,000 அடி. அல்டிமீட்டர் முள் அசையாமல் நிற்கும், தரை மட்டும் நம்மை நோக்கி எழும்பி வரும். பஸ்ஸில் நூறு தடவை போன வழிதான், ஆனால் அந்த ஏற்றம் மேலிருந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் ரேடியோ என்றதும் கை நின்றுவிடும். நான் தமிழ்வழியில் படித்தவன். ஒரு அலைவரிசையில் பேசினால் கன்ட்ரோலர் மட்டுமல்ல, அதில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். தடுமாறினால் இருபது பேர் காதில் விழும். இதற்கு நடுவில் ஒரு குழுவில் நான் கேட்ட சாதாரண சந்தேகத்துக்கு ஒருவர், இதுகூடத் தெரியாமல் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

என்னை மாற்றியது அப்சர்வர் வசதி. விமானமே இல்லாமல் உள்ளே போய்ப் பேச்சை மட்டும் கேட்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு தினமும் ராத்திரி கேட்டேன். ஒரு வாரத்திலேயே விஷயம் பிடிபட்டது. அங்கே யாரும் இங்கிலீஷில் உரையாடவில்லை. யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே நிற்கிறோம், என்ன வேண்டும், இந்த நான்குதான் மாறி மாறி வருகிறது. கிளம்பும் முன் டெலிவரி தரும் அனுமதியான கிளியரன்ஸிலும் அதே கதை: போகும் ஊர், பாதை, உயரம், அடுத்த அலைவரிசை, ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் நான்கு இலக்க ஸ்குவாக் எண். நோட்டில் இடம் விட்டு எழுதி வைத்தால், கேட்கக் கேட்க நிரப்பிக்கொண்டே போகலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். நன்றாகப் பேசுகிறவர்களே "சே அகெய்ன்" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அது தலைகுனிவு இல்லை, விதியே அதுதான். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதில் ஒரு விமானம் கொடுத்த உயரத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. விமானிகளின் ஆங்கிலத் திறன் பற்றி அதற்குப் பிறகு நிறையப் பேசப்பட்டது. அதைப் படித்த பிறகு, புரியவில்லை என்று சொல்ல நான் வெட்கப்பட்டதே இல்லை.

அப்புறம் இரண்டு மாதம் பேசாமல், டைப் அடித்து டெக்ஸ்டில் ஓட்டினேன். வாட்சிமில் அதற்கு அனுமதி உண்டு, ஃப்ளைட் பிளானில் குறிப்பிட்டால் போதும். தொடக்கத்துக்கு நல்ல வழி. ஆனால் இறங்கும் நேரத்தில் ஒரு கையில் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு டைப் அடிப்பது, பேசுவதைவிடக் கஷ்டம்.

பேச வைத்தது கிருஷ்ணகிரிக்காரத் தம்பி ஒருவர். போனில் என் தயக்கத்தைச் சொன்னேன். "அண்ணா, தப்பா சொன்னா அவங்க திருத்தப் போறாங்க. அதுக்குத்தானே ரீட்பேக்குனு ஒண்ணு வெச்சிருக்காங்க?" என்றார். கன்ட்ரோலர் சொன்னதை நாம் அப்படியே திருப்பிச் சொல்வதுதான் ரீட்பேக்.

அன்று ராத்திரி சென்னையிலிருந்து கோவைக்கு பிளான் போட்டேன். மைக்கில் இரையும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். வியர்வையில் நோட்டின் ஓரம் நனைந்துவிட்டது. பட்டனை அழுத்தி, சென்னை டெலிவரியைக் கூப்பிட்டு, எழுதி வைத்ததை வரிக்கு வரி படித்தேன். கிளியரன்ஸ் வந்தது. திருப்பிச் சொன்னபோது ஸ்குவாக்கின் கடைசி இரண்டு எண்ணை மாற்றிவிட்டேன். "நெகட்டிவ், ஸ்குவாக் டூ ஃபோர் ஒன் செவன்" என்றது அந்தக் குரல். கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. சரியாகச் சொன்னேன். "ரீட்பேக் கரெக்ட்." அவ்வளவுதான். மின்விசிறியைப் போடக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு குறை என்று சொன்னால், நம் பக்கம் எல்லா நேரமும் கன்ட்ரோலர் இருப்பதில்லை. இல்லாதபோது 122.8 என்ற பொது அலைவரிசையில் நாமே அறிவித்துக்கொண்டு பறக்க வேண்டும். புதிதாகப் பேசுகிறவருக்கு அதுவும் நல்ல பயிற்சிதான். சேலம் போன்ற சின்ன ஊரில் தொடங்குங்கள். பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் வார்த்தை வெட்டுப்படும். ஹெட்செட் கட்டாயம் வேண்டும், ஆனால் விலை உயர்ந்தது தேவையில்லை. நோட்டு மட்டும் இன்றைக்கும் என் கீபோர்டு பக்கத்தில்தான் இருக்கிறது, இப்போது மூன்றாவது நோட்டு.

போன ஞாயிறு சிமுலேட்டரில், சென்னையில் ஓடுபாதைக்கு நகர்ந்து போகும் டாக்ஸி அனுமதிக்காகக் காத்திருந்தேன். அலைவரிசையில் ஒரு புதுக் குரல், முதல் முறை என்று சொன்னது. கன்ட்ரோலர் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். பையன் இரண்டு தடவை தவறவிட்டான், மூன்றாம் தடவை பிடித்துவிட்டான். எனக்கு முன்னால் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். குறுக்கே யாரும் பேசவில்லை. நான் எரிபொருளைச் சரிபார்த்துக்கொண்டு என் முறை வரும்வரை காத்திருந்தேன்.