ஆறு மில்லிமீற்றர் தகராறு: வெள்ளவத்தையில் சான்றிதழுக்கு பிரேம்

காலி வீதியோரம், வெள்ளவத்தைப் பக்கம், பிரேம் அடிக்கும் சின்னக் கடை. சாமிப் படமும் கல்யாணப் போட்டோவும்தான் அங்கே நாளாந்த வேலை. அதில் குறை சொல்ல இடமில்லை. 45 பாகையில் வெட்டிய மூலைகள் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருந்துகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகச் சான்றிதழ் என்றால் மட்டும் கொஞ்சம் நின்று பேசிவிட்டுக் கொடுக்கவேண்டும்.

உதாரணத்துக்கு விவசாய மதிப்புக் கழகங்களின் (honor society, அதாவது படிப்பில் சிறந்தவர்களைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கும் அமைப்புகளின்) சான்றிதழ். கலைப் பாடங்களுக்கு ஃபை பீட்டா கப்பா 1776இலேயே வந்துவிட்டது, பொறியியலுக்கு 1885இல் டாவ் பீட்டா பை. விவசாயத்துக்கு 1897 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் பர்க்கெட், ஜோன் கனிங்ஹாம் என்ற இரு மாணவர்கள் அல்பா ஸீட்டாவைத் தொடங்கினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1905இல் காமா சிக்மா டெல்டா. இது பட்டப்பின் மாணவரையும் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளும். பேராதனையில் முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் போனவர்களின் பழைய கோப்புகளில் தேடினால் அகப்படக்கூடியது இதுதான்.

தகராறு அளவில் தொடங்குகிறது. அங்கத்தைய லெட்டர் கடதாசி 216 × 279 மில்லிமீற்றர். கடையில் அடுக்கியிருக்கும் ரெடிமேட் பிரேம் ஏ4, அதாவது 210 × 297. உயரத்தில் 18 மிச்சம், அகலத்தில் 6 குறைவு. “ஓரத்தை லேசா வெட்டிவிடுவம்” என்பார்கள். விடவேண்டாம், கரைக்கோலம் இரண்டு பக்கமும் மூன்று மூன்று மில்லிமீற்றர் போய்விடும். ஓடர் கொடுத்தே அடிக்கச் சொல்லுங்கள். சுற்றிவர 50 மில்லிமீற்றர் மவுன்ட் போர்ட் (கடதாசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரமாக வைக்கும் தடித்த அட்டை) வைத்தால் கண்ணாடி கடதாசியைத் தொடாது. தொட்டால், நம் ஊர் ஈரப்பதத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், புடைத்த முத்திரையும் நசுங்கும்.

முதுகுப் பக்கம்தான் கடையின் பலவீனம். கேட்காவிட்டால் ஹார்ட்போர்ட் வைத்து, சான்றிதழை செலோடேப்பால் ஒட்டிவிடுகிறார்கள். ஹார்ட்போர்டின் அமிலம் சில வருடத்தில் தாளைப் பழுப்பாக்கும். டேப்பின் பசை ஊறிக் கறையாகும். அமிலமில்லாத அட்டையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாப்பசையும் போதும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய வழியில்லாமல் அலையலையாகச் சுருங்கும்.

லேமினேட் செய்யச் சொன்னால் மறுக்கமாட்டார்கள், அதுதான் பயம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் உரிக்க முடியாது. கொடுக்கும் முன் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேமின் கீழ் மூலைகளில் இறப்பர் பொட்டு வைத்தால் சுவருக்கும் அதற்கும் இடையே காற்றோடும். அதைச் சொல்லாமலே வைத்துத் தருகிறார்கள், நல்ல பழக்கம். கொக்கி மட்டும் இரும்பு. கடல் காற்று படும் வீடு என்றால் பித்தளை கேளுங்கள்.