ஒகவாங்கோவில் ஓடமா, சோபேயில் விசைப்படகா?

போட்ஸ்வானாவின் ஈரநிலங்களைப் படமெடுக்கப் போகிறவர், மவுன் நகரம் வழியாக ஒகவாங்கோ டெல்டாவுக்குள் நுழைவதா, வடகிழக்கே கசானேயில் தங்கிச் சோபே ஆற்றில் படகேறுவதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. கொண்டுபோகும் லென்ஸும் பயண மாதமும் அதைப் பொறுத்தே அமையும்.

ஒகவாங்கோவின் மொக்கோரோ என்னும் ஓடம் முன்பு ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. இன்று பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனது. ஓட்டுபவர் பின்னால் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ள, பயணிகள் இருவர் கால்நீட்டி அமர்ந்திருப்பார்கள். கேமரா நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால், அல்லிப்பூ கண்ணுக்கு நேராக நிற்கும்; நாணல் தண்டைப் பற்றியிருக்கும் கட்டைவிரல் நுனியளவுத் தவளையை, இயந்திர அதிர்வின்றி நிதானமாகக் குவியப்படுத்தலாம். ஆனால் முக்காலிக்கு இடமில்லை, தொலைவிலிருப்பதை நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் வெறும் சுமை. நீர்யானைகளுக்கு அஞ்சி ஆழமான கால்வாய்களை ஓட்டுபவர்கள் தவிர்ப்பார்கள் என்பதால், பெருவிலங்குகளின் நெருக்கமான படங்களை இங்கே எதிர்பார்ப்பது வீண்.

அதற்குச் சோபேதான் சரி. ஒளிப்படக்காரர்களுக்கென்றே சுழலும் இருக்கைகளும் லென்ஸ் தாங்கிகளும் பொருத்திய படகுகள் அங்கே உண்டு. சோபே தேசியப் பூங்கா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. தென்னரைக்கோளம் என்பதால் குளிர்காலச் சூரியனோ வடவானில் சாய்ந்து செல்கிறது. ஆகவே நீர் குடிக்க இறங்கும் யானையின் முகத்தில், படகிலிருப்பவரின் முதுகுப்பக்கத்து ஒளி விழுகிறது. மாலையில் மேற்கே பார்த்தால் அதே யானை புழுதியில் நிழலுருவாகிவிடும். குறை என்னவென்றால், நல்ல காட்சி கிடைத்த இடத்தில் நான்கைந்து படகுகள் கூடிவிடும்.

பருவமும் ஒன்றல்ல. அங்கோலா மேட்டுநிலத்து மழைநீர் மாதக்கணக்கில் நகர்ந்து, போட்ஸ்வானா வறண்டு கிடக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில்தான் ஒகவாங்கோவை நிரப்புகிறது. சோபேயிலோ உள்காட்டுக் குட்டைகள் வற்றியபின், செப்டம்பர், அக்டோபரில் யானைக் கூட்டங்கள் ஆற்றோரம் பெருகும்.

விலங்குகளே நோக்கமென்றால் தயங்காமல் சோபேயைச் சொல்வேன். நிலக்காட்சிக்கு ஒகவாங்கோதான், அதுவும் ஓடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல்: மவுனிலிருந்து கதவு கழற்றிய ஹெலிகாப்டரில், ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியாகவோ அதைவிட வேகமாகவோ வைத்துக்கொண்டு பறந்தால், விளிம்பில் மரங்களும் நடுவில் வெண்ணிற உப்புப் படிவும் கொண்ட தீவுகளும், சதுப்பில் யானைகள் மிதித்து உண்டாக்கிய தடங்களும் கோட்டோவியம்போல் விரியும். எந்தப் படகிலிருந்தும் இது கிட்டாது. கட்டணம்தான் கையைக் கடிக்கும்.