மூடிய அறிவியல் அருங்காட்சியகம்: திரையா, பெட்டியா, பாதிக் கதவா?

கொரோனா காலத்தில், 2020 மே மாதம் யுனெஸ்கோ கணக்கெடுத்தபோது உலக அருங்காட்சியகங்களில் சுமார் 90 சதவீதம், அதாவது 85,000க்கும் மேல், மூடிக் கிடந்தன. அறிவியல் அருங்காட்சியகங்களுக்கு இது கூடுதல் அடி. ஓவியத்தைப் படமெடுத்துக் காட்டிவிடலாம். திருகி, இழுத்துப் பார்த்தால்தான் புரிகிற பொருளை என்ன செய்வது? கதவு மூடியிருக்கும்போது மக்களை எட்ட எது நல்ல வழி: திரையா, வீட்டுக்கு அனுப்பும் சோதனைப் பெட்டியா, கட்டுப்பாடுகளோடு பாதி திறந்த கதவா?

உடனே கைகொடுத்தது, அருங்காட்சியகத்தைத் திரையிலேயே சுற்றிப் பார்க்கும் மெய்நிகர் சுற்றுலா. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 360 பாகைப் படங்களை ஏற்கெனவே வைத்திருந்தது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் செலவு பெரிதாக ஏறாது. ஆனால் இந்த வகைச் சுற்றுலாவில் கட்டடம் தெரிகிற அளவுக்கு அறிவியல் தெரிவதில்லை. விளக்கவுரை சேர்க்காவிட்டால் பார்வையற்றவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. இன்னொன்று, ஆப்பிரிக்காவிலும் சிறு தீவு நாடுகளிலும் 5 சதவீத அருங்காட்சியகங்களால்தான் இணையத்தில் எதையாவது தர முடிந்தது என்கிறது அதே யுனெஸ்கோ அறிக்கை.

இணையத்தில் நேரலையாகச் செய்துகாட்டும் நிகழ்ச்சி இதைவிடத் தேவலை. கேள்வி கேட்கலாம், சைகைமொழியும் சேர்க்கலாம். வீட்டுக்கே ஒரு கைபேசி என்றால் அந்த நேரத்தில் அது யார் கையில் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

என் ஓட்டு பெட்டிக்கு. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலுள்ள கோசை அறிவியல் மையம், உணவு வழங்கும் இடங்களிலேயே சோதனைப் பொருட்கள் அடங்கிய பெட்டிகளையும் கொடுத்தது. இணையம் இல்லாத வீட்டுக்கும் அது போய்ச் சேரும். குழந்தை கையால் செய்து பார்க்கும், தப்பாகச் செய்தும் பார்க்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். திரையைப் போல இது லட்சக்கணக்கில் பெருகாது. செலவைக் குறைக்க சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் வழி காட்டுகிறது: வீட்டில் கிடைக்கும் பொருட்களால் செய்யும் சோதனைகளின் குறிப்புகளைக் கொரோனாவுக்கு முன்பிருந்தே அது இலவசமாகத் தருகிறது. ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

மிச்சமிருப்பது பாதிக் கதவு. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2020 ஆகஸ்டில் முன்பதிவோடு திறந்தது. இப்படித் திறப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கே உதவும். அப்போது பல இடங்களில் தொட்டுப் பார்க்கும் காட்சிகளை மூடிவைத்தார்கள். அன்றைய பயம் அப்படி. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்றது. கொரோனா முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவியது; கிருமிநாசினிக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கு காற்றோட்டத்துக்குப் போயிருந்தால் அந்தக் காட்சிகளை இன்னும் சீக்கிரமே திறந்துவிட்டிருக்கலாம்.