குறுகலான பாசேஜுக்கு 7 இன்ச் ஸ்லிம் ஷூ கேபினட்: யூஸ் பண்ணிப் பாத்து எழுதுறேன்

வாசக்கதவுல இருந்து ஹால் வரைக்கும் நீளமா ஒரு பாசேஜ், அகலம் 3 அடி, அதுக்கு மேல ஒரு இன்ச் கூட கிடையாது, இந்த மாதிரி வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. நான் வாங்கினது முன்பக்கமா சாய்ஞ்சு திறக்குற ஷூ கேபினட். மூணு அடுக்கு, அகலம் 24 இன்ச், ஆழம் 7 இன்ச், செவுத்துல ஸ்க்ரூ போட்டு மாட்டுறது. இந்த டைப்பை நிறைய பிராண்டு பண்றாங்க, அதனால பேரை விட்டுட்டு டைப்பைப் பத்தியே சொல்றேன்.

கடையிலயும் சரி ஆன்லைன்லயும் சரி எல்லாரும் மொதல்ல கேக்குறது எத்தனை ஜோடி வைக்கலாம்னுதான். பாசேஜுக்கு வாங்கும்போது அந்தக் கேள்விய ரெண்டாவதா வச்சுக்கோங்க. சாமான் வச்சப்புறம் நடக்க எவ்ளோ மிச்சம் இருக்கும், அதுதான் மொதல் கேள்வி. 36 இன்ச் பாசேஜ்ல சாதாரண ஷூ ரேக் வச்சா அது 12ல இருந்து 14 இன்ச் வரைக்கும் சாப்பிட்டுடும், மிச்சம் 22, 24தான். அதுல ஒரு ஆள் கையில பையோட வந்தா உடம்ப திருப்பிட்டுதான் போகணும். இந்த 7 இன்ச் கேபினட்டுக்கு அப்புறம் 29 இன்ச் மிச்சம் இருக்கு. எங்க அம்மா வாக்கர் வச்சு நடக்கறவங்க, ரெண்டு பக்கமும் இடிக்காம நிமிந்து நடந்து போறாங்க, எனக்கு இந்த கேபினட் பிடிச்சுப்போனதுக்கு முழுக் காரணமே அதுதான். நாளைக்கு வீட்ல யாருக்காவது வீல்சேர் தேவைப்பட்டாலும் சாதாரண வீல்சேர் 25, 26 இன்ச் அகலம் இருக்கும், நேரா தள்ளிட்டுப் போயிடலாம், ஆனா சக்கரத்தை கையால தள்ளிக்கிட்டு தானா வர்றவங்களுக்கு 29 பத்தாது, கை முட்டி இடிக்கும், அவங்க வீட்ல பாசேஜ காலியா விட்டுடறதுதான் நல்லது. இன்னொண்ணு, செவுத்துல ஸ்க்ரூ போட்டு நிறுத்தின சாமான, பெருசா ஏதாவது உள்ள கொண்டு வர்ற ஒவ்வொரு தடவையும் கழட்ட முடியாது. ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் பெரும்பாலும் 60 செ.மீ. அகலம், கிட்டத்தட்ட 2 அடி, அட்டைப்பெட்டியோட வந்தா இன்னும் கூட. 22 இன்ச் மிச்சம் விட்ட பாசேஜ்ல அது உள்ளயே போகாது.

அளவு எடுக்கும்போது செவுத்துக்கு செவுறு எடுத்து நிறுத்திடாதீங்க. கீழ செவுத்தோட அடியில ஒட்டுற ஸ்கர்ட்டிங் டைல் ரெண்டு பக்கமும் அரை இன்ச்சாவது துருத்திட்டு இருக்கும், கேபினட்டோட பின்பக்கம் அடியில அதுக்காக ஒரு வெட்டு இருக்கான்னு பாருங்க. அது இல்லைன்னா கேபினட் செவுத்தோட ஒட்டாம நிக்கும், 7 இன்ச்ன்னு வாங்கினது ஏழரை எட்டுன்னு ஆயிடும், ஸ்க்ரூவும் ஒழுங்கா இழுத்துப் பிடிக்காது. அப்புறம் பாசேஜ்ல எந்தக் கதவெல்லாம் வந்து திறக்குதுன்னு ஒவ்வொண்ணையும் முழுசா திறந்து பாத்துக்கோங்க, பாத்ரூம் கதவு, இபி மீட்டர் பாக்ஸ் இருந்தா அதோட மூடி எல்லாம் சேத்து. வாங்கறதுக்கு முன்னாடி தரையில அந்த அளவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு கொஞ்ச நாள் அந்தக் கோட்டை மிதிக்காம நடந்து பாருங்க, எங்க இடிக்கும்னு வீட்ல இருக்கற எல்லாருக்கும் தானா தெரிஞ்சிடும்.

திறக்கும்போது எவ்ளோ முன்னாடி வருதுங்கறதும் முக்கியம். பக்கவாட்டுல திறக்குற கதவுன்னா கதவோட அகலம் முழுக்க பாதைக்கு வந்துடும், டிராயர்னா அதோட ஆழம் இன்னொரு மடங்கு வெளிய வரும். இந்த சாயுற டைப்ல தட்டு பாதிதான் சாயுது, திறந்தப்போ செவுத்துல இருந்து மொத்தம் 14 இன்ச் வருது, ஒருத்தர் ஷூ எடுத்துட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் பின்னாடி ஒதுங்கிப் போயிடலாம்.

இப்போ குறைகள். 12 ஜோடின்னு போட்டிருக்கு, ஆம்பளைங்க ஷூ வச்சா 9தான், ஒரு அடுக்குக்கு மூணு. செருப்பா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு சாச்சு இன்னும் ரெண்டு மூணு சொருகலாம். உள்ள ஷூ படுக்காது, மூக்கு கீழ, குதிகால் மேலன்னு நிக்கும், அதனால கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸ் எதுவும் போகாது, யூ.கே. சைஸ் 11க்கு மேல போனா தட்டு முழுசா மூடவும் மாட்டேங்குது. வீட்ல பெரிய கால்காரங்க இருந்தா அவங்களோட ஷூவ கையில எடுத்துட்டுப் போய் கடையிலயே வச்சுப் பாத்துடுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மண்ணு எல்லாம் தட்டோட அடியில போய் சேருது, சில மாடல்ல அடித்தட்டை கழட்டி தட்டிட்டு மாட்டலாம், இதுல துணிய விட்டுதான் துடைக்கணும். ஈர ஷூவ நேரா உள்ள வைக்காதீங்க, பின்பக்கம் காத்து போக இடைவெளி இருந்தாலும் நாத்தம் வந்துடும், வெளியவே காய வச்சிட்டு வைங்க.

மெட்டீரியல் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். இந்த வகையில நிறைய பார்ட்டிகிள் போர்டுதான், அதாவது மரத்தூள பசை போட்டு அழுத்தின பலகை, மேல லேமினேட் ஒட்டி விளிம்புல பட்டை (எட்ஜ் பேண்டிங்) போட்டிருப்பாங்க. அதுல தண்ணி பட்டா உப்பும், உப்பினது திரும்ப பழையபடி ஆகாது. பாசேஜ் தினம் மாப் போடுற இடம், அதனால தரையில உக்காந்திருக்கற மாடலை விட்டுட்டு செவுத்துல தொங்குற மாடலா எடுத்தேன், அடியில ஒரு ஜாண் இடம் இருக்கு, மாப் தடையில்லாம போகுது, தூசியும் தங்கறதில்ல. ஸ்டீல்லயும் இதே டிசைன் வருது, ஈரத்துக்கு அது தேவலை, ஆனா மூடும்போது சத்தம் அதிகம், ராத்திரி லேட்டா வர்றவங்க இருக்கற வீட்ல யோசிச்சுக்கோங்க. கைப்பிடி வெளிய நீட்டிட்டு இருக்கற குமிழா இருந்தா வாங்காதீங்க, பை வாரு, துப்பட்டா, குழந்தைங்க சட்டை எல்லாம் மாட்டும். மேல் விளிம்புலயே பள்ளம் வெட்டி விரல் விட்டு இழுக்கற மாதிரி இருக்கறது நல்லது. மூலையும் மழுங்கலா இருக்கட்டும், இடுப்பு உயரத்துல கூர் மூலைன்னா தினம் யாராவது ஒருத்தர் இடிச்சுப்பாங்க.

மாட்டுறதுல மட்டும் தயவுசெஞ்சு அலட்சியம் வேண்டாம். தரையில நிக்கற மாடலா இருந்தாலும் செவுத்தோட ஸ்க்ரூ போடாம விடவே கூடாது. இவ்ளோ உயரம் இருக்குற சாமானுக்கு அடி 7 இன்ச்தான், மேல் தட்டை திறந்தா எடை மொத்தமும் முன்னாடி வந்துடும், ஒரு குழந்தை தட்டைப் பிடிச்சு தொங்கினா மேலயே சாஞ்சிடும். செங்கல் செவுறுன்னா வெளிப்பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள்ள பிடிக்கற நீளத்துல ஸ்க்ரூ வேணும், பெட்டியில தர்ற சின்ன ஸ்க்ரூ பூச்சுலயே நின்னுடுது, நான் 2 இன்ச் ஸ்க்ரூவும் அதுக்கேத்த பிளக்கும் தனியா வாங்கி போடச்சொன்னேன். உள்ள வெத்திடமா இருக்கற போர்டு செவுறுன்னா அதுக்குன்னே விரியுற ஆங்கர் இருக்கு, அத கேட்டு வாங்குங்க, தொங்குற மாடல் மட்டும் அந்த செவுத்துக்கு வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ட்ரில் போடாதீங்க, வயர் பைப் பெரும்பாலும் அந்த நேர்லதான் ஓடும்.

மேல் பலகை 7 இன்ச், சாவி, மூக்குக்கண்ணாடி, போன் வைக்கத் தாராளம். பூச்செடி, ஹெல்மெட்லாம் அங்க வைக்காதீங்க, போறவங்க தோள்பட்ட பட்டு விழும். ஹெல்மெட்டுக்கு அதுக்கு மேல செவுத்துலயே ரெண்டு கொக்கி அடிச்சிருக்கோம், தலைக்கு மேல உயரத்துல.

பாசேஜ்ல பெஞ்ச் போட்டு உக்காந்து ஷூ மாட்டணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர், ஆசை நியாயம்தான், வயசானவங்களுக்கு அது தேவையும் கூட. ஆனா உக்கார 12 இன்ச்சாவது ஆழம் வேணும், உக்காந்தவங்க முழங்கால் அதுக்கு மேல நீட்டும், 3 அடி பாசேஜ்ல அது முழு அடைப்பு. செவுத்தோட மடக்கி வைக்கற சீட் ஒண்ணு வருது, மடக்கினா 3, 4 இன்ச்தான், அம்மாவுக்காக கேபினட்டுக்குப் பக்கத்துல அதை மாட்டியிருக்கோம். அவங்க தாங்கிப் பிடிச்சு எழுந்திரிக்க பக்கத்துல ஒரு கைப்பிடிக் கம்பியும் போட்டோம். சீட்டுக்கு எழுதியிருக்கற எடை அளவு செவுறு உறுதியா இருந்தாத்தான் செல்லும், பெரியவங்கள உக்கார வைக்கறதுக்கு முன்னாடி நீங்க உக்காந்து பாத்துடுங்க.

ஒன்பது ஜோடிக்குள்ள தினசரி காலணி இருக்கற வீட்டுக்கு கண்ணை மூடிட்டு வாங்கலாம். அதுக்கு மேலன்னா அகலமான மாடலுக்குப் போகாதீங்க, இதையே ரெண்டு யூனிட்டா பக்கத்துல பக்கத்துல மாட்டுங்க, ஒண்ணுல கீல் போனாலும் இன்னொண்ணு ஓடும். வாங்கும்போதே அந்தக் கீல் ஸ்பேரா தனியா கிடைக்குமான்னு கேட்டுக்கோங்க, இதுல மொதல்ல தேயறது அதுதான்.